சக்கரத்தின் உள்ளே ஒரு பிடி மசகு

உருவத்திற் சிறிய அச்சாணி பெருந்தேரையே தாங்கி நிற்கிறது என்று வள்ளுவப் பெருந்தகையார் எடுத்துக்காட்டிச் சென்றார். தேரும் சகடமும் மறைந்து மோட்டார் வந்துவிட்ட பின்னரும் அவ்வுண்மை மாறவில்லை. இன்று நம்மையும் நம் மக்களையும் ஏற்றிச் செல்லும் காரின் முழுப் பாரத்தையும் சுமப்பவை, சக்கரத்தின் நடுவே கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிந்திருக்கும் சில எஃகு உருளைகள். அவற்றைப் 'பேரிங்' என்று பட்டறையில் வழங்குகிறோம். அந்தப் பேரிங்கைப் பொருத்துமுன் எங்ஙனம் தூய்மை செய்து மசகு இடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இஃது மெக்கானிக்குகளுக்கு உரிய செய்தியன்றோ, குடும்பப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் முலுண்டிலும் வாழும் நம்மவருள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காரிலேயே ஊருக்குப் புறப்படுவோர் பலர். அவர்களுக்கு இது சொல்லப்படவேண்டிய செய்தியே. அதற்கான காரணத்தை என் சொந்த அனுபவத்திலிருந்தே கூறத் தொடங்குகிறேன்.

ஹாவேரியில் கழிந்த ஓர் இரவு

2009ஆம் ஆண்டு, வைகாசி மாதம். மதுரையில் என் தமக்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமன் நான் ஒருவனே. சீர்வரிசையும், மணமகளுக்கு உடுத்தவேண்டிய கூறைப்புடவையும், குழந்தைகளுமாக என் பழைய காரில் வெள்ளிக்கிழமை விடியலில் பம்பாயை விட்டுப் புறப்பட்டோம். மும்பை என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் எங்கள் வீட்டில் அது பம்பாய்தான். ஞாயிறு காலை முகூர்த்தம். நெடும்பயணத்தை எண்ணி முன்வாரமே வண்டியை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். முன்சக்கரத்துப் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கூறிப் புதியவை மாட்டித் தந்தார்கள்.

பூனா, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம் என்று வண்டி நன்றாகவே ஓடிற்று. ஹுப்ளியைத் தாண்டியபோது இடப்பக்கத்திலிருந்து வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை எழுந்தது. சாலையின் சொரசொரப்பு என்று எண்ணிவிட்டேன். ஹாவேரியை நெருங்குகையில் முரல்தல் முனகலாயிற்று. முனகல் அரைபடும் ஒலியாயிற்று. நிறுத்தி இறங்கினேன். சக்கரத்தின் நடுவில் கைவைக்க முடியவில்லை. புகை நாற்றம் வந்தது.

சாலையோரம் நின்ற எங்களைக் கண்டு, நாமக்கல் பதிவெண் கொண்ட லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து, ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, இரு கைகளாலும் பற்றி ஆட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றிக் காட்டினார். மூடி நிறையக் கிரீஸ் இருந்தது. பேரிங்கை வெளியே எடுத்தபோதோ, உருளைகளுக்கிடையே ஒரு துளியும் இல்லை. உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன.

"மேலே மட்டும் பூசியிருக்காங்க ஐயா. தலைக்கு எண்ணெய் தடவினாப் பசி ஆறுமுங்களா?" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் குற்றம் முழுவதும் அடங்கிவிட்டது. புதிய பேரிங் என்றால் கிரீஸ் இட்டே வரும் என்று பட்டறைக்காரர் எண்ணிவிட்டார் போலும். உண்மையில் இவ்வகைப் பேரிங் பெட்டியிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய மெல்லிய எண்ணெயோடு மட்டுமே வருகிறது. அவ்வெண்ணெய் ஓட்டத்துக்கு உதவாது.

பேரிங் மட்டும் கெட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் புறப்பட்டிருப்போம். வெப்பத்தில் அதன் உள்வளையம் சக்கரத்தண்டோடு ஒட்டிச் சுழன்று தண்டையும் அராவிவிட்டது. அதற்கு மாற்று ஹுப்ளியிலிருந்து வரவேண்டியிருந்தது. மாலைக்குள் ஆகிவிடும், இரவுக்குள் ஆகிவிடும் என்று நம்பி நம்பியே பஸ் ஏறாமல் இருந்துவிட்டோம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் வண்டி நகர்ந்தது. மறுநாள் நண்பகலில் மண்டபத்தை அடைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் நின்று சடங்கை நிறைவேற்றியிருந்தார். மணமகள் வேறொரு புடவையில் இருந்தாள். என் தமக்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனைக்கும் காரணம், உள்ளே சென்றிருக்கவேண்டிய ஒரு பிடி மசகு.

பேரிங் என்பது யாது?

நம் முன்னோர் மாட்டுவண்டியின் இரும்பு அச்சிலே, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை இட்டனர். அங்கே சக்கரத்தின் குடம் அச்சின்மேல் உரசிக்கொண்டே சுழன்றது. உரசுவதற்குப் பதிலாக உருளச் செய்தால் தேய்வும் வெப்பமும் குறையும் என்பதே பேரிங்கின் தத்துவம். 1794ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சில் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1898ஆம் ஆண்டில், அமெரிக்காவில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவர் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் எடையைத் தாங்குவதோடு, வளைவில் திரும்புகையில் பக்கவாட்டில் வரும் உந்துதலையும் தாங்கவல்லது இக்கூம்பு வடிவம். ஆகவே மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு அது பெரிதும் ஏற்றதாயிற்று.

இவ்வகைப் பேரிங்கில் இரு பகுதிகள் உண்டு. உள்வளையமும், அதைச் சுற்றி உருளைகளும், உருளைகளை வரிசை கலையாமல் பிடித்திருக்கும் கூடும் சேர்ந்தது ஒன்று. இதைக் 'கோன்' என்பர். சக்கரத்தின் நடுவிலுள்ள 'ஹப்'பினுள் இறுக்கிப் பொருத்தப்படும் வெளிவளையம் மற்றொன்று, இது 'கப்'. ஒரு சக்கரத்துக்கு உட்பக்கம் பெரிய பேரிங் ஒன்றும், வெளிப்பக்கம் சிறிய பேரிங் ஒன்றுமாக இரண்டு அமையும். உட்பக்கத்தை 'ஆயில் சீல்' காக்கிறது. வெளிப்பக்கத்தை உலோக மூடி காக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றில், தொழிற்சாலையிலேயே மசகு இட்டு மூடி முத்திரையிட்ட பேரிங்குகளே உள்ளன. அவற்றைக் கழுவவும் கூடாது, பிரிக்கவும் கூடாது, ஓசை வந்தால் மாற்றிவிடுவதே முறை. இங்குக் கூறப்போகும் முறை, பிரித்து மசகு இடத்தக்க கூம்புருளைப் பேரிங்குகளுக்கே உரியது. பழைய கார்கள், ஜீப்புகள், பாரவண்டிகள், இழுவை வண்டிகள் ஆகியவற்றில் இன்றும் இவை வழக்கத்தில் உள்ளன. நம் வண்டியில் இருப்பது எவ்வகை என்பதை முதலில் கையேட்டைப் பார்த்துத் தெளிந்துகொள்க.

தூய்மையே முதற்படி

பம்பாயிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குக் கார்ச் சக்கரம் சுமார் 550 முறை சுழல்கிறது. அப்படியாயின் ஊர் போய்ச் சேருமுன் ஒவ்வொரு சக்கரமும் ஏழரை இலட்சம் முறைக்கு மேல் சுழன்றுவிடும். அத்தனை சுழற்சியிலும் உருளைக்கும் வளையத்துக்கும் இடையே நின்று காப்பது, தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்களவும் இராத எண்ணெய்ப் படலமே. அங்கே ஒரு மணற்பொடி புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எஃகில் ஒரு சிறு குழி விழும். குழியின் ஓரம் உதிரும். உதிர்ந்த துகள் மேலும் குழிகளைத் தோண்டும். ஆகவே பழைய கிரீஸின்மேல் புதிய கிரீஸைப் பூசுவது, கழுவாத பாத்திரத்தில் பாயசம் வார்ப்பதை ஒக்கும்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கியின்மேல் இறக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அருகே கைவைத்தல் தகாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின், கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கவேண்டும். பிரேக்கில் படிந்துள்ள தூசியை வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதலாகாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அத்தூசி நுரையீரலுக்குக் கேடு.

கழற்றிய பேரிங்குகளை இடம், வலம், உள், வெளி என்று தனித்தனித் தட்டுகளில் வைத்துக் குறிப்பு எழுதி வையுங்கள். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த கோனும் கப்பும் பிரியாமல் அதே இணையாகத் திரும்பிச் செல்லவேண்டும். பழைய ஆயில் சீலை மீண்டும் பயன்படுத்தாமல் புதியதே வாங்கிவிடுக.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். பெட்ரோலை நெருங்கவிடாதீர்கள், அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பெட்ரோலாவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மண்ணெண்ணெயையும் நெருப்பில்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே, கைக்கு உறையிட்டுக் கையாளவேண்டும். முதலில் பழைய கிரீஸைத் துணியால் வழித்தெடுத்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் பேரிங்கை மூழ்கவைத்துத் தூரிகையால் உருளைகளின் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுக. அழுக்கடைந்த மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு, புதிய மண்ணெண்ணெயில் மறுபடியும் அலசுக. அடியில் ஒரு கறுப்புத் துகளும் தங்காதவரை இதைச் செய்யவேண்டும். ஹப்பின் உட்புறத்தையும், சக்கரத்தண்டையும், மூடியையும் அவ்வாறே துடைத்தெடுக்கவேண்டும். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் பட்டறையின் கழிவெண்ணெயோடு சேர்த்துவிடுவது நலம்.

அடுத்து, பஞ்சு பிரியாத துணியில் ஒற்றியெடுத்து முற்றிலும் உலரவிடுக. மண்ணெண்ணெய் தங்கியிருந்தால் புதிய கிரீஸை அது நீர்த்துப்போகச் செய்யும். அவசரப்பட்டுக் காற்றுக் குழாயைப் பிடித்துப் பேரிங்கை 'விர்'ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் சில இளம் மெக்கானிக்குகளிடம் உண்டு. மசகு இன்றிச் சுழலும் உருளைகள் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். கூட்டிலிருந்து தெறித்து வந்து கண்ணைத் தாக்கவும் கூடும். இதைக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

புதிய பேரிங்கைக் கழுவவேண்டுமா என்ற ஐயம் எழலாம். உறை பிரியாமல் தூய்மையாக இருப்பின் கழுவவேண்டியதில்லை. அதிலுள்ள காப்பெண்ணெய் பொதுவாகக் கிரீஸோடு கலந்துகொள்ளும். மாட்டும் வேளை வரும்வரை உறையைப் பிரிக்காதிருப்பதே அதற்குச் செய்யும் பெரிய காப்பு. ஆயினும் கிரீஸ் மட்டும் கட்டாயம் இடவேண்டும் என்பதை நான் ஹாவேரியில் கற்றேன்.

கண்ணால் ஒரு சோதனை

கழுவியபின்தான் பேரிங் தன் வரலாற்றை நமக்குச் சொல்லுகிறது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வோர் உருளையையும் திருப்பிப் பாருங்கள். அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தால் எஃகு களைத்துவிட்டது என்பது பொருள். நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தால் வெப்பத்தில் வெந்திருக்கிறது. வளையத்தில் உருளைகளின் இடைவெளியளவிலேயே வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தால் பலத்த அடி பட்டிருக்கிறது. துருக்கறை தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது. கூடு வளைந்திருந்தாலும் பயனில்லை. இவற்றுள் ஒன்று காணினும் கோனையும் கப்பையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய கப்பில் புதிய கோனை இடுவது பொய்ச் சிக்கனம். கப்பை மாற்றுகையில் பித்தளைத் தண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குக. உருளைகள் ஓடும் பளபளத்த பரப்பின்மேல் சுத்தியல் படவே கூடாது.

மழைவெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இச்சோதனை தனியே வேண்டும். 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம் நகரில் வாழ்ந்தோர் மறக்கவியலாது. அன்று சக்கரத்தளவு நீரில் நின்ற கார்கள் எண்ணற்றவை. ஆண்டுதோறும் ஆடி மழையில் தேங்கும் நீரும் அவ்வளவு கொடியதே. எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டு ஓடத் தொடங்கியதும் வண்டி பிழைத்தது என்று மகிழ்கிறோம். சீலைத் தாண்டிப் புகுந்த சேற்று நீரோ பேரிங்கினுள் சத்தமின்றித் துருவை வளர்க்கும்.

மசகிடும் முறை

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பிலே பஞ்சுபோல் ஊறவைத்த பொருள். எண்ணெயே காப்பது, சோப்பு அதை ஒழுகாமல் பிடித்துவைக்கிறது. சக்கரப் பேரிங்குக்கு 'லித்தியம் காம்ப்ளெக்ஸ்' வகையும், கெட்டித்தன்மையில் 2ஆம் எண்ணும் பெரும்பாலும் ஏற்றவை. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் வெப்பம் மிகும். மலிவான கால்சியம் கிரீஸ் அதில் உருகி ஓடிவிடும். வேறுவேறு வகைக் கிரீஸ்களைக் கலக்கவும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். பழையதை முற்றும் கழுவவேண்டும் என்பதற்கு இஃது இன்னொரு காரணம். நிறத்தைக் கண்டு கிரீஸின் தரத்தை மதிப்பிடாதீர்கள். சிவப்பும் நீலமும் வெறும் சாயமே.

இனிக் கைவேலை. கையைக் கழுவித் துடைத்து, இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு கிரீஸ் எடுத்துக்கொள்க. வலக்கையில் பேரிங்கைப் பிடித்து, அதன் அகன்ற வாய்ப்பக்கத்தின் விளிம்பைக் கிரீஸில் அழுத்தி அழுத்தி இழுக்கவேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கிரீஸ் கூட்டுக்கும் உள்வளையத்துக்கும் இடையே ஏறும். சிறிது நேரத்தில் மறுபக்கத்துக் குறுகிய வாயில், உருளைகளின் இடையே, இடியாப்ப உழக்கிலிருந்து மாவு வருவதுபோல் கிரீஸ் பிதுங்கிவரும். அதுவே அடையாளம். பேரிங்கைச் சிறிது திருப்பி அடுத்த இடத்திலும் அவ்வாறே செய்க. முழுச் சுற்றும் முடிந்தபின் உருளைகளின் வெளிப்புறத்திலும் கப்பின் உட்பரப்பிலும் மெல்லப் பூசுக. பிதுங்கி வாராதவரை உள்ளே நிரம்பவில்லை என்றே கொள்ளவேண்டும்.

அப்படியாயின் ஹப்பின் உள்வெளி முழுவதையும் அடைத்துவிடலாமே என்றால், அதுவும் பிழை. மிகுந்த கிரீஸ் கடைபட்டுச் சூடேறும். விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். பிரேக் கட்டைகளில் படிந்து பிரேக்கையே பிடிக்காமற் செய்யும். இரு கப்புகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், கப்பின் உட்பரப்பு மட்டத்தைத் தாண்டாமல் ஒரு படலம் இட்டால் போதும். வயிற்றில் பாதிக்கு உணவு, மீதிக்கு இடைவெளி என்ற மருத்துவ நெறி இங்கும் பொருந்தும்.

பொருத்துதலும் இறுக்குதலும்

உட்பேரிங்கை வைத்து, புதிய சீலை நேராகத் தட்டி இறக்கி, அதன் உதட்டில் சிறிது கிரீஸ் தடவுக. ஹப்பைத் தண்டின்மேல் ஏற்றும்போது திருகுப் பற்கள் சீலைக் கிழிக்காதபடி நேரே செலுத்தவேண்டும். பிறகு வெளிப்பேரிங், வாஷர், நட்டு.

இறுக்குவதில்தான் பலர் தவறுகின்றனர். 'கெட்டியாக இறுக்கினால் கெட்டியாக இருக்கும்' என்பது இங்குச் செல்லாது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டைச் சற்று முடுக்குக; உருளைகள் தம் இடத்தில் அமரும். பின் நட்டைத் தளர்த்தி, விரலால் முடுக்கும் அளவுக்கு மட்டும் மறுபடி கொணர்க. ஸ்பிளிட் பின் செல்லும் துளை பொருந்தாவிடில் மேலும் இறுக்காமல், சிறிது தளர்த்தியே பொருத்துக. பல வண்டிகளுக்கு 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கவேண்டும் என்பர். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. சில வண்டிகளில் இரட்டை நட்டும் பூட்டு வாஷரும் இருக்கும். அவற்றுக்கு முறை சற்று வேறுபடும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். சில காசு பெறும் அந்தப் பின்தான் சக்கரம் கழலாமல் காப்பது. வள்ளுவர் கூறிய அச்சாணியே அது.

வேலை முடிந்தபின் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப்பின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் இறுக்கம் மிகுந்திருக்கிறது. பிரேக் உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பட்டறையில் கேட்கவேண்டியவை

இவ்வேலையைத் தாமே செய்ய எல்லோர்க்கும் இயலாது. செய்யவேண்டும் என்றும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அருகே நின்று நான்கு கேள்விகள் கேட்கலாம். பழைய கிரீஸைக் கழுவினீர்களா? உருளைகளுக்குள் கிரீஸ் ஏற்றினீர்களா? சீலும் பின்னும் புதியவையா? எந்தக் கிரீஸ் இட்டீர்கள்? நல்ல தொழிலாளி இக்கேள்விகளுக்கு மகிழ்ந்தே விடையளிப்பார். தம் வேலையை அறிந்து கேட்பவர் கிடைப்பது அவருக்கும் அரிது. ஊர்ப் பயணத்துக்கு முதல்நாள் இவ்வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். இரு வாரம் முன்னரே முடித்து, நகருக்குள் ஓட்டிப் பழகியபின் புறப்படுங்கள். வழியில் முரலும் ஓசை கேட்டால், வானொலியை நிறுத்திச் செவி கொடுங்கள், உடனே ஓரங்கட்டுங்கள்.

அன்று உதவிய நாமக்கல் ஓட்டுநர், தம் சரக்கு காலந்தாழ்வதையும் பொருட்படுத்தாமல் மூன்று மணி நேரம் எங்களோடு இருந்தார். கூலி என்று எதையும் பெற மறுத்துவிட்டார். இரவு ஊன்றுமுன் தாமே ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து விட்டுவிட்டு, "அடுத்த தடவை நீங்களே உங்க கையால போடுங்க ஐயா" என்று சொல்லிப் புறப்பட்டார்.

சென்ற தை மாதம் என் தமக்கையின் பேத்திக்கு மதுரையில் காதணி விழா. பன்னிரண்டு நாள் முன்னதாக, கீழ்த்தளத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, நான்கு பேரிங்குகளையும் கழுவி, என் கையாலேயே மசகு ஏற்றினேன். என் மகன் அருகே அமர்ந்து கப்பையும் கோனையும் இணை மாறாமல் எடுத்துக் கொடுத்தான். விழாவுக்கு முதல்நாள் மாலையே வாசலில் வண்டியை நிறுத்தினேன். தமக்கையார் வெளியே வந்து முதலில் நோக்கியது எங்களையன்று, காரின் முன்சக்கரத்தை. பின்பு சிரித்துக்கொண்டே, "வா, சாப்பிடலாம்" என்றார்.